மிலிந்தனின் தேரும் மும்பை பத்மினியும்

அவையோருக்கு வணக்கம். தத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்சி பற்றிப் பேசப்போகிறேன். அமைப்பாளர்கள் பதற வேண்டாம், பௌத்தத் துறவி நாகசேனர் நடுவில் வருவார்.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் வளர்ந்த உங்களுக்குப் பத்மினியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி. எழுபதுகளில் பத்மினி என்று பேர் வைத்த பிறகும் நம் அப்பாக்களுக்கு அது ஃபியட்தான். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, தலையில் கேரியர், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். மீட்டர் வண்டிக்கு வெளியே தொங்கும். அது காட்டுவது ஒரு எண்; டிரைவர் ஒரு கட்டண அட்டையை எடுத்துப் பார்த்துக் கேட்பது வேறு எண். இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லாருமே முதல் சண்டையை அங்கேதான் போட்டிருப்பார்கள்!

கடைசி பத்மினி டாக்சி தாட்தேவ் ஆர்டிஓவில் பதிவானது 2003 அக்டோபர் 29. மும்பையில் டாக்சிக்கு ஆயுள் 20 வருஷம். ஆக, 2023 அக்டோபரோடு கதை முடிந்தது.

அந்த வருஷம் நல்ல மழையில், மாட்டுங்காவிலிருந்து சிஎஸ்எம்டி ரயில் நிலையம் போக எனக்குக் கிடைத்தது அப்படி மிச்சமிருந்த ஒரு பத்மினி. ஓட்டியவர் ஜோன்பூர் பக்கத்துப் பெரியவர். பரேல் தாண்டுவதற்குள் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. சும்மா இருக்க முடியாமல், “சாச்சா, இன்னும் சில மாசத்தில் வண்டி போயிடுமே, வருத்தமா இல்லையா?” என்று கேட்டேன். பேச்சு இந்தியில்தான். அதுவும் என்னுடைய மாட்டுங்கா இந்தியில்.

“எந்த வண்டி?” என்றார்.

கேள்வி புரியாமல் முழித்தேன். அவர் கையாலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினார். இஞ்சினைப் பிரித்துப் பாதிக்கு மேல் மாற்றியாகிவிட்டது. இடது கதவு, குர்லா பழைய இரும்புக் கடையில் கிடந்த வேறொரு பத்மினியுடையது. அதனால்தான் கண்ணாடி பாதியோடு நிற்கிறது. சீட்டு, விளக்கு, பம்பர் எதுவும் முதலில் வந்தது இல்லை. “நான் வாங்கின வண்டி எப்பவோ போய்விட்டது சாப். ஓடிக்கொண்டிருப்பது நம்பர் பிளேட்டு.”

இப்போது நாகசேனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாகலம் என்ற நகரத்தை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரைத்தான் பௌத்தர்கள் மிலிந்தன் என்கிறார்கள். தேரில் வந்த அவனிடம் நாகசேனர் கேட்கிறார்: சக்கரம் தேரா? இல்லை. அச்சு தேரா? இல்லை. நுகத்தடி? இல்லை. இவற்றுக்கு வெளியே தேர் என்று ஒன்று உண்டா? அதுவும் இல்லை. அப்படியானால் நீ எதில் வந்தாய்? இவையெல்லாம் சேர்ந்திருக்கும்போது வழங்கும் பேர்தான் தேர் என்று அரசன் ஒத்துக்கொள்கிறான். நானும் அப்படித்தான், நாகசேனன் என்பது வெறும் பேர் என்கிறார் துறவி. இதை நான் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணாடி ஏறாத கதவு வழியாக முழங்கையெல்லாம் நனைந்தபோதுதான் மண்டையில் ஏறியது.

ஆனால் நாகசேனர் சொல்லாத ஒன்றையும் சாச்சா சொன்னார். அதற்காகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

“இதற்குச் சாகும் தேதி தெரியும் சாப், உனக்கும் எனக்கும்தான் தெரியாது. அதனால் இந்த வருஷம் பெயின்ட் அடிக்கவில்லை. பிரேக்கை மட்டும் போன மாசம் புதுசாகப் போட்டேன்.”

போகப்போகிற வண்டிக்குப் புது பிரேக் எதற்கு என்றேன்.

“பெயின்ட் எனக்கு. பிரேக் உனக்கு.”

முடிவு தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பது ஒரு வகைத் துறவு. நம்மில் பலருக்கு அது வசதியானதும்கூட. ஓய்வு பெறப்போகிறவர் கடைசி ஆறு மாசம் கோப்பைத் தொடாமல் இருக்கிறாரே, அவரும் பற்றற்றவர்தானே! சாச்சா எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்து வைத்திருந்தார். பிரித்த இடமும் சரியான இடம்.

இதைச் சொன்னால் உடனே, “ஆகா, டாக்சிக்காரருக்குள் ஒரு ஞானி” என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நாள் முழுக்க அந்த சீட்டில் உட்கார்ந்து முதுகு ஒடிகிறவரை ஞானி என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது சில்லறைக்குத் தகராறு செய்கிறவர்கள் நாம். அவர் செய்தது கணக்கு. கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் வரும். எந்த வேலை என்று பார்த்தார்.

அப்புறம் நானும் என் படிப்பைக் காட்டிக்கொள்ள நினைத்தேன். பர்மிட்டை வைத்துக்கொண்டு வேறு வண்டி எடுக்கப்போவதாக அவர் சொன்னதும், “கிழிந்த துணியைக் களைந்து புதுத்துணி உடுத்துவது போல ஆத்மா உடம்பை மாற்றும் என்று கீதை சொல்கிறதே, அதே மாதிரிதானே சாச்சா?” என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆத்மாவுக்குப் புது உடம்பு சும்மா கிடைக்கும் சாப். எனக்கு அஞ்சு வருஷம் இஎம்ஐ.”