ஒரு முகம் மேலே

நேயர்களுக்கு வணக்கம். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பிக்கும் எனக்கு, முறுக்கத்தை, அதாவது ஒரு விசை பொருளொன்றைச் சுழற்றும் அளவை, விளங்கப்படுத்த நல்ல படமொன்று ஹட்டன் – தலவாக்கலைப் பாதையோரத்தில் கிடைத்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்த மாலை. தேயிலைக் கொழுந்து லொறியொன்று பின்சில்லில் காற்றுப் போய் நின்றிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் வேடிக்கை பார்த்தேன். சாரதிக்கு அவசரம், சாக்குக்குள் கொழுந்து சூடேறினால் தொழிற்சாலையில் அவர்தான் ஏச்சு வாங்க வேண்டும்.

கிளீனர் பையன் அரை மீற்றர் ஸ்பானரை நட்டில் மாட்டி, லொறியின் பலகையைப் பிடித்தபடி அதன் நுனியில் ஏறி மிதித்தான். நட்டு அசையவில்லை. கால்தான் வழுக்கியது. ஸ்பானர் நிலத்தை நோக்கிச் சரிந்திருந்தது. கிடைக்கோட்டிலிருந்து 60 பாகை என்று வைத்துக்கொள்வோம்.

பையன் 60 கிலோ என்றால் அவனுடைய நிறை ஏறத்தாழ 600 நியூற்றன். அது முழுவதும் நுனியில் இறங்கினால் நட்டில் எவ்வளவு முறுக்கம்? விசையை நீளத்தால் பெருக்கி, கோணத்தின் சைனாலும் பெருக்க வேண்டும். இதைக் கேட்டால் என் மாணவர்களில் பாதிப் பேர் உடனே சைன் 60 போட்டு, 260 நியூற்றன் மீற்றர் என்று எழுதிவிடுவார்கள். கேள்வியில் கண்ணில் பட்ட கோணம் அதுதானே!

தேவையானது ஸ்பானருக்கும் விசைக்கும் இடையிலுள்ள கோணம். நிறை நேர்கீழாக இறங்குகிறது. கிடையோடு 60 பாகை சரிந்த ஸ்பானர் நிலைக்குத்தோடு 30 பாகைதான் ஆக்கும். சைன் 30 அரை. ஆகவே 600 தர அரை தர அரை, 150 நியூற்றன் மீற்றர். மிச்ச விசை நட்டைச் சுழற்றவில்லை, ஸ்பானரின் நீளவாக்கில் இழுத்து வீணாகிறது.

சைன் பிடிக்காதவர்கள் மேசனின் தூக்குக்குண்டை நினையுங்கள். பையனின் பாதத்தினூடாக அந்த நூல் தொங்குகிறது. நட்டிலிருந்து நூலுக்குச் செங்குத்துத் தூரம் கால் மீற்றர். 600ஐ அதனால் பெருக்கினாலும் அதே 150. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். கோணத்தை மாற்றிப் போட இதில் இடமே இல்லை.

ஸ்பானர் கிடையாக இருந்திருந்தால் 300. அதற்காக மட்டம் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. 10 பாகை பிசகினால் நூற்றுக்கு ஒன்றரைதான் குறையும். எங்கள் பாதைகளின் சரிவை இதில் மறந்துவிடலாம். 30 பாகை பிசகினால் நூற்றுக்குப் பதின்மூன்று போகும், 60 பிசகினால் பாதி.

சாரதி ஸ்பானரில் செருக ஒரு பைப்பைத் தேடினார். நீளம் ஒரு மீற்றரானால் அதே சரிவிலும் 300 வந்துவிடும், கணக்கு சரி. ஆனால் அந்தச் சரிவில் பைப் தார் ரோட்டில் முட்டும்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்" என்று பையன் ஸ்பானரைக் கழற்றினான். நட்டுக்கு ஆறு முகம். ஒரு முகம் தள்ளிப் போட்டால் 60 பாகை திரும்பும். ஒன்றை மேலே தள்ளி மாட்டினான், ஸ்பானர் கிடையாக நின்றது. ஏறி ஒரே மிதி. கிறீச்சென்று நட்டு இளகியது.

"இதை முதலிலேயே செய்திருக்கலாமே தம்பி" என்றார் சாரதி, பைப்பைத் தூக்கி லொறிக்குள் போட்டபடி.