டீசல் சத்தம் கேட்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம். அண்டார்டிகா என்றால் பலருக்கும் பென்குயின்தான் நினைவுக்கு வரும். அங்கே இருக்கும் நம் மைத்ரி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடல்மேல் மிதக்கும் பனித்தட்டின் விளிம்பு அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பென்குயின் தினமும் வாசலில் வந்து நிற்காது. தினமும் நம்மோடு இருப்பது ஜெனரேட்டர்தான்.

1983-84இல் இந்தியா அமைத்த முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரி. பனித்தட்டின் மேலேயே கட்டியதால் பனி மூடிக்கொண்டே வந்தது, 1990இல் கைவிட்டார்கள். 1989இல் வந்த மைத்ரியை ஷிர்மாக்கர் குன்றுகளில், பாறை மேல் கட்டினார்கள். எதிரே பிரியதர்ஷினி ஏரி. ஏரி இருக்கிறதே, தண்ணீருக்கு என்ன கவலை என்பீர்கள். அந்தக் குளிரில் குழாயைச் சூடாக வைத்திருக்காவிட்டால் தண்ணீர் உள்ளேயே கட்டியாகிவிடும். சூடாக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசலோ ஆண்டுக்கு ஒருமுறை, அங்கே கோடைக்காலமான நம் மார்கழி, தை மாதங்களையொட்டி வரும் கப்பலில்தான் வர வேண்டும். அதைப் பனித்தட்டில் இறக்கி, சறுக்குவண்டித் தொட்டிகளில் ஏற்றி, சங்கிலிச் சக்கர வண்டிகளால் இழுத்துக்கொண்டு வருவார்கள். 2012இல் திறந்த பாரதி நிலையம் கடலோரத்திலேயே இருக்கிறது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், எஞ்சின் வெப்பத்தையும் வீணாக்காமல் அறைகளைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

சரி, அந்த எஞ்சின் நின்றுபோனால்? ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தைக் கேளுங்கள். கண்டத்தின் உட்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 3,488 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1982 ஏப்ரல் 12 அன்று அங்கே மின்நிலையம் தீப்பிடித்து எரிந்தது. ஒரு மெக்கானிக் இறந்துபோனார். மீதி 20 பேர். குளிர்காலம் தொடங்கிவிட்டதால் விமானம் வர வழியில்லை. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஜெனரேட்டரைத் தட்டிக்கொட்டி ஓட வைத்தார்கள். கையில் கிடைத்ததை வைத்து அடுப்புகள் செய்தார்கள். கோடையில் உதவி வந்து சேரும்வரை அப்படியே தாக்குப்பிடித்தார்கள். அது எப்பேர்ப்பட்ட இடம் என்று தெரிய வேண்டுமா? அடுத்த ஆண்டு ஜூலையில் அதே வோஸ்டாக்கில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது.

பனி சூழ்ந்த இடத்தில் தீயைக் கண்டு பயப்படுவதா என்று சிலர் சிரிப்பார்கள். அங்கே காற்று எலும்பாய்க் காய்ந்திருக்கும், வேகமாகவும் வீசும். கண்ணுக்கெட்டிய தூரம் பனி இருந்தாலும் குழாயில் பாய்ச்ச நீர் கொஞ்சம்தான். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் ஃபெராஸ் நிலையத்திலும் தீ கிளம்பியது ஜெனரேட்டர் அறையில்தான். இரண்டு கடற்படையினர் பலியானார்கள், நிலையத்தின் பெரும்பகுதி சாம்பலானது. புதியது திறக்க 2020 ஆயிற்று.

ஆகவே குளிர்காலக் குழுவில் விஞ்ஞானிக்கு இருக்கும் மதிப்பு ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆராய்ச்சிக் கருவி ஒரு நாள் ஓடாவிட்டால் ஒரு நாள் தரவுதான் போகும்.

ஐ.டி.ஐ. படித்த தம்பி, தங்கைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால்: கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் நம் பயணங்களை நடத்துகிறது. மெக்கானிக், சமையல்காரர் போன்ற வேலைகளுக்கும் அவர்கள் ஆள் எடுப்பதுண்டு. உடற்பரிசோதனை கடுமையாக இருக்கும், பனிப் பயிற்சிக்கு இமயமலையில் அவுலி வரை போக வேண்டியிருக்கும். அறிவிப்பு வந்தால் விண்ணப்பித்துப் பாருங்கள். வணக்கம்.