எழுத்தாளரை எழுப்பியது புத்தகமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட, நாவலாசிரியர்களை உருவாக்கியது வாழ்ந்த வாழ்க்கையா, படித்த புத்தகமா என்பது கேள்வி. நான் புத்தகத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் சாண்ட்ரா சிஸ்னெரோஸைத் துணைக்கு அழைத்தார். சிகாகோவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம், ஆறு சகோதரர்களோடு ஒரே பெண், மாறி மாறிக் குடிபோன வாடகை வீடுகள். அதுவே 1984இல் ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ ஆனது என்றார். அந்த வாழ்க்கையை நான் மறுக்கவில்லை. அது எந்தக் கணத்தில் எழுத்தானது என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். ஐயோவாவில் எழுத்துப் பட்டறை வகுப்பு. வீட்டைப் பற்றிக் காஸ்தோன் பஷ்லார் எழுதிய தத்துவ நூல் பாடம். பரண், நிலவறை, நினைவுகள் ஒளிந்திருக்கும் மூலைகள் என்று சக மாணவர்கள் ஆர்வமாகப் பேசுகிறார்கள். சிஸ்னெரோஸ் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த நூலில் இருந்தது அவர் குடியிருந்த வீடே அல்ல! அந்த அவமானமும் கோபமும்தான், இவர்களால் எழுத முடியாததை நான் எழுதுவேன் என்று அவரைக் கிளப்பின. மனதுக்குப் பிடித்த புத்தகம்தான் ஒருவரை உருவாக்கும் என்பதில்லை, நடுவர் அவர்களே. நமக்கு இடமே தராத புத்தகமும் உருவாக்கும்.

ஜூனோ டியாஸ் டொமினிக்கன் குடியரசின் சாந்தோ டொமிங்கோவில் பிறந்து, ஆறு வயதில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு வந்தவர். 2008இல் புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய நாவலின் முகப்பில் காமிக்ஸ் வரியும் கரீபியக் கவிஞர் டெரெக் வால்காட்டின் கவிதையும் அடுத்தடுத்து நிற்கின்றன. டொமினிக்கன் சர்வாதிகாரி துருஹியோவின் கொடுமையை அந்த நாட்டுக் குடும்பங்கள் எல்லாம் அனுபவித்தன. அவனை டோல்கீனின் மாயக்கதையில் வரும் கொடுங்கோலன் சௌரானோடு சேர்த்துப் பார்த்த கண், நூலக அலமாரிகளுக்கு நடுவே வளர்ந்த கண்.

எதிரணியின் பிரம்மாஸ்திரம் பாட்டி. கொலம்பியாவில் பிறந்து மெக்சிகோவில் குடியேறிய கார்சியா மார்க்கேஸின் பாட்டி! அதிசயங்களை அன்றாடச் செய்திபோலச் சொல்வார். உண்மைதான். ஆனால் 1947இல், பொகோட்டாவில் மார்க்கேஸ் சட்டம் படித்தபோது, ஒருவன் காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிப்பதாகச் சொல்லும் காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையின் முதல் வரி அவரைத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் எழுத அனுமதி உண்டா என்று திகைத்தவர், உடனே சிறுகதை எழுத உட்கார்ந்தார். என் பாட்டியின் தொனியில் காஃப்கா எழுதியிருக்கிறார் என்று மார்க்கேஸே பிற்பாடு சொன்னார்.

பாட்டியின் குரல் சிறு வயதிலிருந்தே அவர் காதில் இருந்தது. அந்தக் குரலில் எழுதலாம் என்ற துணிவு இருபது வயதுவரை ஏன் வரவில்லை? எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மையார் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.