"புரியுதா?" "ம், புரியுது." இந்த ஒரு பதிலை நம்பி ஒருத்தரைக் கூண்டுல ஏத்தலாமா?

[திரையில்: ஒரு கைப்பை, பக்கத்துல கொஞ்சம் டாலர் நோட்டு]

ஒரு அம்மாகிட்ட பறிச்ச கைப்பை, உள்ள இருந்ததையும் சேர்த்து 4 டாலர். இன்னொரு அம்மாகிட்ட 5 டாலர் பணம். ஆக மொத்தம் 9 டாலர். இதுக்காக 1968-ல, அமெரிக்காவுல இண்டியானா மாகாணத்துல, ஜாக்சன்னு 27 வயசுக்காரர் மேல வழக்குப் போட்டாங்க. விசாரணையே நடக்கல, குற்றமும் நிரூபணம் ஆகல. ஆனா ஆயுசு முழுக்க அடைபட்டுக் கிடக்க வேண்டிய நிலைமை அவருக்கு வந்துச்சு.

எப்படின்னு கேக்குறீங்களா? அவருக்குக் காது கேக்காது, பேச வராது, எழுதப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் சைகை மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் போற வயசே வராத குழந்தை அளவுக்குத்தான் புரிஞ்சுக்க முடியும். "இவரால விசாரணையை எதிர்கொள்ள முடியாது, மனசு தெளிவாயிட்டார்னு சான்று வர்ற வரைக்கும் மனநலத் துறைகிட்ட இருக்கட்டும்"னு கோர்ட் சொல்லிடுச்சு. அறிவுத்திறன் குறைபாடு என்ன காய்ச்சலா, மாத்திரை போட்டா இறங்குறதுக்கு? அந்தச் சான்று எப்ப வரும்?

[தலைப்பு அட்டை]

வணக்கம் மக்களே. கதையோட முடிவைக் கடைசில சொல்றேன், வீடியோவை விட்டுப் போயிடாதீங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். குற்றம் செஞ்ச நேரத்துல மனநிலை எப்படி இருந்துச்சுங்கிறது வேற கேள்வி. நாம பேசப் போறது, இன்னைக்கு, இந்தக் கோர்ட்டுல நடக்குறது இவருக்குப் புரியுதாங்கிறது. இங்கிலாந்துல இதுக்கு அளவுகோல் 1836-ல வந்த பிரிட்சார்ட் வழக்கு. குற்றத்தை ஒத்துக்கிறதா மறுக்கிறதான்னு சொல்ல முடியுதா, வழக்கு நடக்குற போக்கு புரியுதா, தன் தரப்பைச் சொல்லிக்க முடியுதா, சாட்சி சொல்றது விளங்குதா, இதையெல்லாம் பாப்பாங்க. அமெரிக்காவுல 1960-ல வந்த டஸ்கி தீர்ப்பு, தன் வக்கீலோட கலந்து பேசுற திறன் இருக்கான்னு பாக்கச் சொல்லுது.

இப்ப நான் ரொம்ப நேரம் பேச விரும்புற இடத்துக்கு வந்துட்டோம். இந்த 'ஆமா'.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பலர் சின்ன வயசுலேர்ந்தே ஒண்ணைக் கத்துக்கிட்டிருப்பாங்க: 'புரியல'ன்னா திட்டு விழும், 'ஆமா'ன்னா எதிர்ல இருக்கறவர் முகம் மலரும். அதனால தலையாட்டிடுவாங்க. தங்களோட குறை வெளிய தெரியக்கூடாதுன்னு அவ்வளவு பாடுபடுவாங்க. இப்ப, இவர் விசாரணையைச் சந்திக்கத் தகுதி உள்ளவரான்னு மதிப்பீடு செய்ய வந்தவர் "ஜட்ஜ் யார்னு தெரியுமா?"ன்னு கேட்டா பதில் "தெரியும்". "வக்கீல் சொன்னது புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது, 'தகுதி உள்ளவர்'னு எழுதியாச்சு. எனக்கு இதுதான் பயமா இருக்கு.

சரியாக் கேக்கத் தெரிஞ்சவர் எப்படிக் கேப்பார் தெரியுமா? "ஜட்ஜ் அங்க என்ன வேலை பாக்குறார், உங்க வார்த்தையில சொல்லுங்க." "உங்க வக்கீல் யார் பக்கம்?" "நீங்க செய்யாத ஒண்ணை சாட்சி செஞ்சீங்கன்னு சொன்னா, யார்கிட்ட சொல்லுவீங்க?" புதுசா ஒண்ணை விளக்கிட்டு, கொஞ்ச நேரம் வேற பேச்சு பேசி, திரும்ப அதையே கேப்பார். அப்பவும் நினைவுல நிக்குதா? அதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் பாப்பார். "நீங்க அங்க போனீங்க, இல்லையா?"ன்னாலும் 'ஆமா', "நீங்க அங்க போகல, இல்லையா?"ன்னாலும் 'ஆமா'ன்னு வந்தா, அந்த ரெண்டு ஆமாவையும் ஆதாரமா எடுத்துக்க முடியாது. குறுக்கு விசாரணைல இதே மாதிரி கேள்விதானே வரிசையா வரும்?

அறிவுத்திறனை அளக்குற ஐ.க்யூ. எண் மட்டும் போதாது. அதே எண் உள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர் சமாளிச்சுடுவார், இன்னொருத்தர் திணறிடுவார். சின்னச் சின்ன வாக்கியம், அடிக்கடி இடைவேளை, பக்கத்துல இருந்து பேச்சைப் புரிய வைக்கிற ஒரு நிபுணர்னு உதவி கிடைச்சா, தகுதி இல்லைன்னு நினைச்ச சிலரால விசாரணையைச் சந்திக்க முடியும். அந்த வாய்ப்பைப் பறிக்கிறதும் அநியாயம்தான்னு நான் நினைக்கிறேன். செய்யாத குற்றத்தை 'நான் செய்யல'ன்னு சொல்ற உரிமை அவங்களுக்கும் உண்டு இல்லையா?

இங்கிலாந்துல குறைஞ்சது ரெண்டு மருத்துவர்கள் கருத்தைக் கேட்டு நீதிபதி முடிவெடுப்பார். தகுதி இல்லைன்னு ஆனா, அந்தச் செயலை அவர் செஞ்சாரா இல்லையான்னு மட்டும் ஜூரி, அதாவது பொதுமக்கள்லேர்ந்து எடுத்த குழு, பாக்கும்.

[திரையில்: 1972]

ஜாக்சனுக்கு வருவோம். குற்றமே நிரூபணம் ஆகாம ஆயுள் தண்டனையாங்கிற வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மருத்துவர்களே இவர் தேற வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு சொல்லியிருந்தாங்க. தகுதி இல்லைங்கிற ஒரே காரணத்துக்காகக் காலவரையில்லாம அடைச்சு வைக்கக் கூடாது, நியாயமான காலத்துக்குள்ள தேறுவாரான்னு பாக்கணும், இல்லைன்னா, வழக்கு இல்லாத மத்தவங்களை மனநலக் காப்புல சேர்க்கிற சாதாரண சிவில் நடைமுறைப்படி போகணும், இல்ல விட்டுடணும்னு 1972-ல தீர்ப்பு வந்துச்சு.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி ஒருத்தர் இருந்து, அவர் மேல எப்பவாவது வழக்கு வந்தா, தயவுசெஞ்சு வக்கீல்கிட்ட முதல் வார்த்தையாவே சொல்லிடுங்க: "சார், அவன் ஆமாங்கிறதை எடுத்துக்காதீங்க. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்க."