பெரிய பிரமிடைக் கட்டினவரோட கண்ணையே தோண்டி எடுத்த திருடர்கள்!

[திரையில்: சிலையின் முகம், மெதுவாக நெருங்கி]

கண்ணு ரெண்டும் இருந்த இடத்துல வெட்டுத் தழும்பு. கழுத்து உடைஞ்சு ஒட்ட வெச்சது. கீசாவுல இருக்கிற பெரிய பிரமிடைத் திட்டம் போட்டுக் கட்டினவர்னு ஆய்வாளர்கள் பலரும் சொல்ற ஹெமியுனு இவர்தான்!

வணக்கம் மக்களே! பின்னணியைச் சட்டுனு சொல்லிடறேன். இவர், அந்தப் பெரிய பிரமிடு யாருக்காக எழும்புச்சோ அந்த எகிப்து மன்னர் கூஃபுவோட தலைமை அமைச்சர், சொந்தக்காரரும்கூட. காலம் 4,500 வருஷத்துக்கு முந்தி. 1912ல ஹெர்மான் யுங்கர்ங்கிற ஆய்வாளர், பிரமிடுக்கு மேற்கே இவரோட கல்லறையில இந்தச் சிலையைக் கண்டெடுத்தார்.

[திரையில்: மார்பும் வயிறும்]

இப்ப உடம்பைப் பாருங்க. எகிப்துச் சிலைன்னா அகன்ற தோள், ஒட்டின வயிறு, இளமை. பெரும்பாலும் அப்படித்தான் செதுக்குவாங்க. இவருக்கு மார்பு தொங்குது, வயிறு பெருத்து மடிப்பு விழுந்திருக்கு. சுண்ணாம்புக்கல்லுதான், ஆனா பிசைஞ்சு வெச்ச மாவு மாதிரி, விரலால அமுக்கினா உள்ள போயிடும்போல இருக்கு! இதை அழகுக் குறைன்னு நினைச்சுடாதீங்க. வெயில்ல கல் இழுக்காம, உட்கார்ந்த இடத்துல உத்தரவு போடுற பதவி, வயிறார சாப்பாடு. அந்தச் செல்வாக்கைத்தான் சிற்பி சதையில காட்டியிருக்கார். முகத்துல மட்டும் சதையோட தளர்ச்சி இல்ல. சின்ன வாய், இறுக்கமான உதடு. வலது கை மூடின முஷ்டி, இடது கை முழங்கால் மேல விரிச்சபடி. அந்தக் காலத்துச் சிலைகள்ல எனக்கு இதுக்கு ஈடா இன்னொண்ணு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க, நிச்சயம் பார்க்கிறேன்.

சரி, கண்ணை ஏன் தோண்டினாங்க? அது தனியாப் பதிச்ச விலையுயர்ந்த கண்ணு. சிலையை வெச்சது சுவர் எழுப்பி அடைச்ச ரகசிய அறையில. செத்தவரோட உயிராற்றல் சிலைக்குள்ள வந்து, படையலை ஏத்துக்கும்னு அவங்க நம்பினாங்க. அந்தச் சுவரையே துளைச்சு உள்ள போயிருக்காங்க திருடங்க.

[திரையில்: அருங்காட்சியகக் கூடம்]

சிலை இப்ப ஜெர்மனியில, ஹில்டெஸ்ஹைம் நகரத்து அருங்காட்சியகத்துல இருக்கு. அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவர் அந்த ஊர்க்காரர் வில்ஹெல்ம் பெலிசேயஸ். கண்டெடுத்ததைப் பங்கு போட்டுக்கிற அன்றைய சட்டப்படிதான் போச்சு. ஆனா எகிப்துத் தொல்லியல் துறைத் தலைவரா இருந்தப்ப ஜாஹி ஹவாஸ், நாடு திரும்ப வேண்டிய தொல்பொருட்கள் பட்டியல்ல இதையும் சேர்த்தார். நான் அவர் பக்கம்தான். பிரமிடு அங்க நிக்குது, இவரும் அங்கதான் இருக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?