குழாயடியும் ஜெனிவாவும்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, கோர்ட் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, முன்வரிசை மகளிர் குழு அக்காமார்களே, தாராவித் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். மழையிலும் பந்தல் போட்டுத் தந்த தம்பிகளுக்கு நன்றி.

மனித உரிமை பற்றி, பிரகடனம், கண்காணிப்பு, சர்வதேச நீதிமன்றம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். எங்கள் ஆத்தா சொல்லும்: 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.' மூன்றுக்கும் அதுதான் வேர்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. முதல் விதியின் வரைவில் 'ஆண்கள் எல்லோரும்' என்று பொருள்படும் சொல் இருந்தது. 'மனிதர் எல்லோரும்' என்று மாற்றவைத்தவர் ஹன்சா மேத்தா, நம் பம்பாய் சட்ட மேலவையில் இருந்த அம்மையார். வாய் திறந்தார், சொல் மாறியது.

அடுத்து கண்காணிப்பு. ஜெனிவாவில் 47 நாடுகள் கொண்ட மனித உரிமை மன்றம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் சுமார் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை தன் மனித உரிமை நிலை பற்றி அங்கே பதில் சொல்லியாக வேண்டும். அரசின் அறிக்கையோடு மக்கள் அமைப்புகள் அனுப்பியதன் தொகுப்பும் மேசைக்கு வரும். அழுத பிள்ளைக்கு அங்கேயும் இடம் உண்டு.

எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், 20 வீட்டுக்கு ஒரு குழாய். விடிகாலை 4 மணிக்கு வரும், 6 மணிக்கு நிற்கும். வரிசையில் குடம்தான் நிற்கும். நெளிந்த பச்சைக் குடம் வந்தால் அம்மாவின் முறை. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவையும் கூட்டிக்கொண்டு தனி இணைப்பு கேட்கப் போனார். 'பழைய குடியிருப்புக் காகிதம் எங்கே?' என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனார்கள். அப்புறமும் போனார்கள். 11ஆவது நாள் அக்கா ஒரு நோட்டை விரித்தார். 'ஜூன் 3, 4.20 மணி, 2 குடம். ஜூன் 4, வரவில்லை.' எழுதியவன் நான். அப்போது ஆறாம் வகுப்பு. அந்த அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதற்குப் பிறகுதான் மனுவை வாங்கி முத்திரை குத்தினார்.

தண்ணீர் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டது. 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றமும், குடிசை சட்டப்படி இல்லை என்பதற்காகத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்றது. சரி, தீர்ப்பு வந்துவிட்டது, குழாய் எங்கே? சர்வதேச நீதிமன்றம் இன்னொரு நாள் இருக்கட்டும்.

வாசல் மேசையில் நோட்டுகள் இருக்கின்றன. சாலுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நாளை விடிகாலையே முதல் வரியை எழுதிவிடுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.