பி-3 என்றார்கள், போய்ப் பார்த்தால்...

வணக்கம் மக்களே, பசியாறிட்டீங்களா? நான் காலையிலேயே பெர்ரி ஏறி பட்டர்வொர்த் போய் வந்தேன், கையில் தூசி இன்னும் போகவில்லை பாருங்கள். நம் சேனல் பார்க்கிற ஒரு அங்கிள், அப்பா காலத்து ஹேமண்ட் பி-3 ஆர்கன் (ஹேமண்ட் கம்பெனியின் பெரிய மின்சார ஆர்கன்) வீட்டில் இருக்கு, 40,000 வெள்ளி (ரிங்கிட்) போகுமா தம்பி என்று கேட்டிருந்தார். இணையத்தில் யாரோ விற்பனைக்குப் போட்ட விலையைப் பார்த்திருக்கிறார். போட்ட விலை வேறு, ஒருத்தர் பணத்தை எண்ணிக் கொடுத்த விலை வேறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹாலில் வெள்ளைத் துணி போர்த்தி, மேலே மாதா படம், பிளாஸ்டிக் பூ. துணியை எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் ஆண்ட்டி அப்போதுதான் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார், வாயைத் திறக்க மனசு வரவில்லை. நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பி-3 என்றால் இரண்டு வரிசையிலும் 61 கட்டை, அதற்கு இடப்பக்கம் கறுப்பு வெள்ளை மாறிய 12 கட்டை தனி, காலடியில் 25 பெடல். இங்கே வரிசைக்கு 44தான், பெடல் 13, நிறம் மாறிய கட்டையே இல்லை. இது எல்-100, வீட்டுக்கென்று செய்த சின்ன ரகம், 1961இல் வந்தது, பத்து வருசத்துக்கு மேல் செய்து விற்றார்கள், அதனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. அதற்காக மட்டமும் இல்லை. உள்ளே பல் வெட்டிய இரும்புச் சக்கரங்கள் காந்தத்துக்கு முன்னால் சுற்றித்தான் இதிலும் சத்தம் பிறக்குது, பெரிய அண்ணன் மாதிரியே. ராக் இசைக்காரர் கீத் எமர்சன் மேடையில் ஆர்கனில் கத்தியைக் குத்தி விளையாடினாரே, அது எல்-100தான்.

அப்புறம் பின்பலகையைக் கழற்றினேன். பல்லி முட்டை, ஒரு பழைய ஐம்பது காசு, நல்லவேளை கரையான் இல்லை. தகட்டில் 117 வோல்ட், 60 சைக்கிள் என்று அடித்திருந்தது. அங்கேதான் விசயமே. சைக்கிள் என்றாலும் ஹெர்ட்ஸ் என்றாலும் ஒன்றுதான், மின்சாரம் விநாடிக்கு எத்தனை சுற்று மாறி மாறி வருது என்ற கணக்கு. நம் மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கிள் வீட்டில் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார், ஆனால் அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது, உள்ளே அந்தச் சக்கரங்களைச் சுற்றுகிற மோட்டாரோ ஹெர்ட்ஸைப் பார்த்து வேகம் பிடிக்கிற மோட்டார்.

சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று ஸ்டார்ட் சுவிட்சை எட்டு விநாடி பிடித்து, அதை விடாமலே ரன் சுவிட்சையும் போட்டு, இன்னும் நாலு விநாடி கழித்துக் கையை எடுத்தேன். முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. ஒரு கட்டை சுருதியை, அதாவது C-ஐ, அமுக்கினால் போனில் சுருதி பார்க்கிற ஆப் அதற்குக் கீழே இருக்கிற ஆறு கட்டை, அதாவது A, காட்டுது, அதிலும் கொஞ்சம் இறக்கம். அறுபதில் ஓட வேண்டியது ஐம்பதில் ஓடினால் அவ்வளவு இறங்கும், கணக்கு சரியாக இருக்கு. வயசாகித் தொண்டை கட்டிப் போச்சு என்றுதான் இத்தனை வருசம் நினைத்தோம் என்றார் அங்கிள்.

விலை கேட்டார். நான் வாங்குவதாக இருந்தால் 1,500 வெள்ளிக்கு மேல் தர மாட்டேன், 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கித் தருகிற பெட்டி ஒன்று தனியாக வாங்க வேண்டும், தூக்குவதற்கு நாலு ஆள் கூலி வேற. கோபப்படுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். உள்ளேயிருந்து ஆண்ட்டி குரல்: "விக்க வேணாங்க, அந்தச் சுருதியிலதான் எனக்குப் பாட வரும்!"

அதனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், எண்ணெய் ஊற்ற. இதற்கென்றே விற்கிற மெல்லிய எண்ணெய்தான், பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயை யாரும் அதில் அடித்துவிடாதீர்கள்.